சனி, ஞாயிறு நடிகர்கள்

ஹைதராபாதில் வார இறுதி நாடகப் பட்டறைகளுக்கு ஆள் சேர்கிறது. இரண்டு நாளில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? சில கிலோமீட்டர் தள்ளி, பிறந்த நாள் முதல் மேடையில் இருப்பவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வாசலில் செருப்புகளும் ஷூக்களும் குவிந்திருக்கும். உள்ளே, நாற்காலிகளை ஓரமாக அடுக்கிவிட்ட கூடத்தில், இருபது இருபத்தைந்து பேர் வெறுங்காலோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருப்பார்கள். யாரும் யார் மீதும் இடிக்கக் கூடாது. யாரும் நிற்கவும் கூடாது. பயிற்சியாளர் கை தட்டினால் அப்படியே உறைந்துவிட வேண்டும். இன்னொரு தட்டலுக்கு மறுபடி நடை. இப்போது மழையில், இப்போது சுடுமணலில், இப்போது கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில். முதல் பத்து நிமிடம் சிரிப்பு. அடுத்த பத்து நிமிடம் கூச்சம். அரை மணி கழித்து, வெள்ளிக்கிழமை மாலைவரை கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்த உடம்பு தனக்குத் தோளும் முட்டியும் இருப்பதைக் கண்டுபிடிக்கிறது.

ஹைதராபாதின் வார இறுதி நாடகப் பட்டறை ஏறக்குறைய இப்படித்தான் தொடங்கும். சனிக்கிழமை காலை மூச்சும் நடையும் குரலும். மதியத்துக்கு மேல் ஒத்திகை பார்க்காத குட்டிக் காட்சிகள். ஞாயிற்றுக்கிழமை அவற்றில் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்துச் செப்பனிடுவார்கள். மாலையில் நண்பர்களும் வீட்டாரும் பார்க்க ஒரு சின்ன நிகழ்ச்சி. திங்கட்கிழமை காலை எல்லோரும் அவரவர் வேலைக்கு.

வருகிறவர்களில் சாஃப்ட்வேர்காரர்கள் அதிகம். 1998இல் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்ட பிறகு மாதாபூரிலும் கச்சிபவுலியிலும் வேலைக்கு வந்து குடியேறியவர்கள், வந்த ஊரில் தெரிந்த முகம் வேண்டும் என்று வருகிறார்கள். வங்கி ஊழியர்கள், கல்லூரி மாணவர்கள், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட இல்லத்தரசிகள் உண்டு. தெலுங்கு சினிமாவில் நுழைய இது ஒரு வாசல் என்று நம்பி வருபவர்களும் உண்டு. அவர்களை அடையாளம் காண்பது சுலபம். கண்ணாடி இருக்கும் சுவர்ப்பக்கமாகவே நிற்பார்கள்.

கடந்த இருபது ஆண்டுகளில் இந்த நகரத்தின் நாடகக் குழுக்கள் பலவும் இத்தகைய பயிற்சிகளை நடத்தியிருக்கின்றன. வினய் வர்மாவின் சூத்ரதார், ரத்னசேகர் ரெட்டியும் அஞ்சலி பார்வதி கோடாவும் நடத்தும் சமாஹாரா, ராம்மோகன் ஹோலகுண்டியின் நிஷும்பிதா என்று நீளும் பட்டியல் அது. மொழி ஒன்றல்ல. ஆங்கிலம், ஹிந்தி, உருது, தெலுங்கு எல்லாம் ஒரே கூடத்தில் புழங்கும். ஆனாலும் ஆந்திரத் தலைநகராக இருந்து தெலங்கானாவின் தலைநகராகிவிட்ட இந்த ஊரில், வார இறுதிப் பட்டறைகளில் தெலுங்கைவிட ஆங்கிலமும் ஹிந்தியும்தான் ஓங்கி ஒலிக்கின்றன. எல்லா மாநிலத்தாரும் கலந்து உட்காரும்போது நடக்கிற வசதிதான் இது. இதனால் தெலுங்கு நாடகக்காரர்களுக்கு மனத்தாங்கல் ஏற்பட்டால் வியப்பில்லை.

இடம் கிடைப்பதுதான் எப்போதும் முதல் பிரச்சினை. 1961இல் தாகூர் நூற்றாண்டையொட்டிக் கட்டப்பட்ட ரவீந்திர பாரதி பெரிய அரங்கம். இருபது பேர் தரையில் உருண்டு பயிற்சி செய்ய அது லாயக்கில்லை. 2010இல் பஞ்சாரா ஹில்ஸில் ஒரு வீட்டையே கலைக்கூடமாகத் திறந்துவிட்டார்கள். பெயர் லாமகான். 'இடமற்றது' என்று பொருள்படும் உருதுச் சொல். இடம் தேடி அலைந்தவர்களுக்கு அது இடமாக அமைந்தது. பாறையை ஒட்டிய திறந்தவெளி மேடை, மலிவு விலையில் டீயும் சமோசாவும், குறைந்த வாடகை. அமெச்சூர் குழுக்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? பட்டறை முடிந்த பிறகு அந்த டீக்காகவே ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுகிறவர்கள், வகுப்பில் கற்றதைவிட அங்கே கற்றதே அதிகம் என்று வாதாடினால் மறுப்பது கடினம்.

வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போடுவது புதிதல்ல. தமிழ் நாடகத்தின் நவீன காலமே அப்படிப்பட்டவர்களால் தொடங்கியது. அதற்குத் தூண்டுகோல் ஒரு தெலுங்குக் குழு. பெல்லாரி வக்கீல் கிருஷ்ணமாச்சார்லு 1891இல் தமது சரச வினோதினி சபையை அழைத்துக்கொண்டு சென்னைக்கு வந்தார். படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் கௌரவமாக மேடையேறுவதைப் பார்த்த பதினெட்டு வயது மாணவர் ஒருவர் அதே ஆண்டு ஜூலையில் நண்பர்களுடன் சேர்ந்து சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர்தான் பின்னாளில் நீதிபதியாகவும் இருந்த பம்மல் சம்பந்த முதலியார். அதற்கு எழுபது ஆண்டு கழித்தும் கதை மாறவில்லை. சென்னை அக்கவுன்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்த கே. பாலசந்தர் 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்' நாடகங்களை எழுதி இயக்கியது ஆபீஸ் நேரம் போக மிச்சமிருந்த பொழுதில்தான்.

ஆனால் அவர்களில் யாரும் பட்டறைக்குப் போனதில்லை. ஒத்திகைதான் பள்ளிக்கூடம். வசனத்தை நெட்டுருப் போடுவது, மூத்தவர் நடிப்பதைப் பார்ப்பது, திட்டு வாங்குவது. நாடகம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளாமலே நடிப்பைப் பயிலலாம் என்ற எண்ணம் பிறகு வந்தது.

அந்த எண்ணத்தின் ஊற்றுக்கண்களில் ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. 1930களின் கடைசியில் சிகாகோவில் அரசு நிவாரணத் திட்டம் ஒன்றில் வேலை பார்த்த வயோலா ஸ்போலின், குடியேறிகளின் குழந்தைகளுக்கு நாடகம் கற்பிக்க வேண்டியிருந்தது. மொழி இடித்தது. பாடம் நடத்துவதற்குப் பதில் விளையாட்டுகளை உருவாக்கினார். இல்லாத பந்தை இருப்பதாக எறிவது, எதிரே நிற்பவரின் கண்ணாடிப் பிம்பமாக அசைவது. 1963இல் அவர் இவற்றைப் புத்தகமாக்கினார். இன்று ஹைதராபாதில் சனிக்கிழமை காலை நடக்கும் பயிற்சிகளில் பாதி அங்கிருந்து வந்தவை. அவை தொழில்முறை நடிகர்களுக்காக உண்டானவை அல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அமெச்சூர்களுக்கு அவை இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் அதுதான்.

கண்ணாடி விளையாட்டையே எடுத்துக்கொள்ளலாம். இருவர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் கையை மெல்ல உயர்த்துகிறார். மற்றவர் அதே வேகத்தில் அதே உயரத்துக்கு. ஐந்து நிமிடத்தில் தலைமை மாறுகிறது. அதன் பிறகு பயிற்சியாளர், "இனி யாரும் தலைவர் இல்லை" என்கிறார். அப்போதுதான் சங்கடம். இரண்டு பேரும் மற்றவர் தொடங்கக் காத்திருக்கிறார்கள். காத்திருந்து, கவனித்து, எங்கிருந்தோ ஒரு அசைவு இருவரிடமும் ஒன்றாக எழுகிறது. மேடையில் தன் வசனம் எப்போது வரும் என்று மட்டுமே யோசித்துக்கொண்டிருப்பவன் நடிகன் அல்ல. எதிரே நிற்பவனைக் கேட்பவனே நடிகன். ஒரு மணி நேரச் சொற்பொழிவில் ஏறாத இந்த விஷயம் அந்தப் பத்து நிமிடத்தில் ஏறிவிடுகிறது.

இன்னொன்று ஒரே சொல்லைப் பலவிதமாகச் சொல்வது. தெலுங்கில் "வச்சாவா?", தமிழில் "வந்துட்டியா?" கோபமாக, ஆசையாக, பயந்து, ஏளனமாக, செத்துப்போனதாக நினைத்தவர் எதிரே வந்து நிற்கும்போது. மாஸ்கோ கலை அரங்கில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கி, 'இன்று மாலை' என்று பொருள்படும் ரஷ்யத் தொடரை நாற்பது விதமாகச் சொல்லும்படி ஒரு நடிகரிடம் கேட்டதாக மொழியியலாளர் ரோமன் யாகப்சன் எழுதியிருக்கிறார். ஹைதராபாத் பட்டறைகளில் ஏழெட்டு விதம் தேறினால் அதிகம். தொல்காப்பியர் நகை முதல் உவகை வரை எட்டு மெய்ப்பாடுகளோடு நிறுத்திக்கொண்டார் என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது.

தமிழ்நாட்டுக்குப் பட்டறை வேறு வழியாக வந்தது. 1977இல் காந்திகிராமத்தில் 70 நாள் நாடகப் பட்டறை நடந்தது. அதில் பயின்றவர்களில் ஒருவரான மு. ராமசுவாமி அடுத்த ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் பயிற்சி நடத்தினார். நகரமைப்புப் பொறியாளராக வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதிய வங்காளி அவர். மேடையும் திரையும் விளக்கும் இல்லாமல் மனித உடம்பை மட்டும் நம்பிப் போடக்கூடிய நாடகத்தை 'மூன்றாம் அரங்கு' என்றார். தமிழில் வீதி நாடகம் வேகம் பிடித்ததில் அந்தப் பட்டறைக்குப் பங்குண்டு. அங்கே கற்றுக்கொண்டவர்கள் கற்றதோடு நிற்கவில்லை; தெருவுக்குப் போனார்கள்.

இந்த வேறுபாடு சாதாரணமானதல்ல. பிரேசிலின் அகஸ்தோ போவால் நில உடைமையாளர்களிடமும் ராணுவ ஆட்சியிடமும் சிக்கியிருந்த மக்களுக்காக உருவாக்கியது 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு'. பார்வையாளரே எழுந்து வந்து காட்சியை மாற்றி நடிக்கலாம். வங்காளத்தின் சுந்தரவனப் பகுதியில் 1985இல் தொடங்கிய ஜன சம்ஸ்க்ருதி அதை இந்தியக் கிராமங்களில் வேரூன்ற வைத்தது. அதே போவாலின் விளையாட்டுகள் இன்று கம்பெனிகளில் ஊழியர்களுக்கு 'டீம் பில்டிங்' பயிற்சியாகவும் பயன்படுகின்றன. அதிகாரத்தைக் கேள்வி கேட்கக் கண்டுபிடித்த ஆட்டத்தை அதிகாரியே சம்பளம் கொடுத்து ஆடச் சொல்கிறார். போவால் 2009இல் இறந்துவிட்டார். இருந்திருந்தால் அதை வைத்தே ஒரு காட்சி அமைத்திருப்பார்.

ஹைதராபாதின் வேடிக்கை வேறிடத்தில் இருக்கிறது. ஹைடெக் சிட்டி ஸ்டேஷனிலிருந்து எம்.எம்.டி.எஸ். ரயிலில் மேற்கே போனால் சில நிமிடத்தில் லிங்கம்பள்ளி. அந்தப் பக்கத்தில்தான் சுரபி காலனி இருக்கிறது. கடப்பை மாவட்டம் சுரபி கிராமத்தில் 1885இல், ஒரு திருமண விழாவில் 'கீசக வதம்' ஆடியதிலிருந்து தொடங்குகிறது இந்தக் குடும்பங்களின் நாடகக் கதை. அதற்கு முன்பு தோல்பாவைக் கூத்து ஆடியவர்கள். வனாரச கோவிந்தராவ் வளர்த்தெடுத்த அந்தக் குழு கிளைவிட்டு, ஒரு காலத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட குழுக்களாகத் தெலுங்கு நாடெங்கும் சுற்றியது. தமிழ்நாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் பாய்ஸ் கம்பெனியில் பையன்கள் புடவை கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே பெண்களே பெண் வேடம் போட்டார்கள். எல்லாம் வீட்டுப் பெண்கள். அதனால் ஊர்வாய்க்கு அஞ்ச வேண்டியிருக்கவில்லை.

சுரபிக் குழந்தைக்குப் பட்டறை கிடையாது. கைக்குழந்தையாகவே கிருஷ்ணனாக மேடையேறிவிடும். பேச்சு வந்ததும் பிரகலாதன், கொஞ்சம் வளர்ந்தால் லவனோ குசனோ. நடிக்காத நேரத்தில் திரைக்குப் பின்னால் கயிறு இழுக்க வேண்டும். 'மாயாபஜார்' நாடகத்தில் கடோத்கஜன் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்து போகுமே, அந்த லட்டுக் கயிற்றின் மறுமுனையில் இருப்பது சகோதரனோ மருமகனோதான். ஆர்மோனியம், ஒப்பனை, படுதா வரைதல் எல்லாம் வீட்டுக் காரியங்கள். மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழாண்டு பயின்று பன்னிரண்டில் அரங்கேறினாள் என்கிறது சிலப்பதிகாரம். சுரபியில் அரங்கேற்றம் முதலில், பயிற்சி பிறகு.

பட்டறை இவர்களிடமும் வந்தது. மேடையே வீடாக இருந்த இவர்களுடன் 1990களில் பி.வி. காரந்த் வந்து வேலை செய்தார். அவர் சிறுவனாகக் குப்பி வீரண்ணாவின் கம்பெனி நாடகத்தில் வளர்ந்து, பிறகு டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்குப் போனவர். கம்பெனி நடிகனின் பலமும் பலவீனமும் அவருக்குத் தெரியும். 'பீஷ்மா', 'சண்டீப்ரியா' ஆகிய நாடகங்களோடு, ப்ரெக்டின் 'செசுவான் நல்ல பெண்'ணைத் தெலுங்குச் சேரிக்குக் கொண்டுவந்த 'பஸ்தி தேவதா யாதம்மா'வையும் இவர்களைக் கொண்டு மேடையேற்றினார். பறக்கும் தேரும் பாயும் அம்பும் இல்லாத ஒரு நாடகத்தைப் புராணத்துக்குப் பழகிய குடும்பம் நடித்தது. பரம்பரைக் கலைஞர்களுக்கும் புதிதாகக் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேடவேண்டியதில்லை. பயிற்சி என்றால் ஒன்றும் தெரியாதவர்களுக்கு என்று ஒரு நினைப்பு இருக்கிறதே, அது தவறு.

ஸ்ரீ வெங்கடேஸ்வர நாட்டிய மண்டலியை நீண்ட காலம் வழிநடத்திய ரேகந்தார் நாகேஸ்வர ராவ், எல்லோருக்கும் 'சுரபி பாப்ஜி', 2013இல் பத்மஸ்ரீ பெற்றார். 2022இல் காலமானார். இப்போது சுரபிக் குழுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2020இல் கொரோனா வந்து அரங்குகள் மூடப்பட்டபோது, மாதச் சம்பளம் வாங்குகிற சனி-ஞாயிறு நடிகர்களுக்குப் பொழுதுபோக்கு ஒன்று தற்காலிகமாக நின்றது. சுரபிக் குடும்பங்களுக்கு அடுப்பு நின்றது. இளைய தலைமுறை வேறு வேலை தேடிப் போவதைக் குற்றம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை. அவர்களில் சிலர் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் வேலைக்குப் போக, அந்தக் கட்டடங்களிலிருந்து வெளியே வருபவர்கள் பணம் கட்டி நடிப்புப் பயில்கிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே ரயிலில் போய்வருகின்றன, சந்தித்துக்கொள்வது அபூர்வம்.

சந்திக்க வைக்க முயற்சி இல்லாமல் இல்லை. அதே வட்டாரத்தில் இருக்கும் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தின் நாடகத் துறையில் படித்தவர்கள் நகரின் பல குழுக்களில் இருக்கிறார்கள். டாடா அறக்கட்டளையின் உதவியோடு அந்தத் துறை நடத்திய நாடக விரிவாக்கப் பிரிவு, பயிற்சியைப் பல்கலைக்கழக மதிலுக்கு வெளியே இருக்கும் தெலுங்குக் குழுக்களிடம் கொண்டுபோனது. உதவி இருக்கும்வரை இத்தகைய வேலைகள் ஜோராக நடக்கும். பிறகு என்ன என்பதுதான் எல்லா ஊரிலும் கேள்வி.

வார இறுதிப் பட்டறைகளின் கணக்கு வேறு. டிக்கெட் விற்றுக் குழு நடத்த முடியாது. ஒரு நாடகத்துக்கு இரண்டு மாத ஒத்திகை, அரங்க வாடகை, விளக்கு, உடை. பார்க்க வருபவர்களில் பாதிப் பேர் நடிப்பவர்களின் உறவினர்கள். பட்டறைக் கட்டணம் கைக்கு வரும் பணம். ஆகவே சில இடங்களில் நாடகம் குறைந்து பட்டறை பெருகுகிறது. ஆட்களிலும் அதே போக்கு. ஒன்று முடிந்து இன்னொன்று என்று பட்டறைகளைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒத்திகைக்குக் கூப்பிட்டால் மட்டும் ப்ராஜெக்ட் முடிக்க வேண்டியிருக்கும். பாத்திரம் கொடுத்து ஒரு மாதம் ஒத்திகை பார்த்த பிறகு கதாநாயகனுக்குப் பெங்களூருக்கு மாற்றல் வருவது அமெச்சூர் நாடகத்தின் நிரந்தர வில்லன்.

கவலைப்பட வேண்டிய விஷயம் வேறொன்று. பயிற்சியாளராக யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்ளலாம். இரண்டு நாளில் பெரிதாக எதையோ காட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில், "உங்கள் வாழ்க்கையில் மிக மோசமான நாளை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று தொடங்கும் பயிற்சிகளைக் கையிலெடுக்கிறார்கள். இருபது அந்நியர்கள் முன்னால் ஒருவர் உடைந்து அழுவது பார்க்க நாடகமாகத்தான் இருக்கும். ஞாயிறு இரவு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். திறந்த காயத்தோடு அவரும் தனியாகப் போவார். உணர்ச்சி நினைவைப் பற்றி முதலில் பேசிய ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே கடைசிக் காலத்தில் உடல் செயல்களிலிருந்து தொடங்கும் முறைக்கு மாறினார். மேலும், நடிப்புப் பயிற்சி என்றால் தொடுவதும் நெருங்குவதும் இருக்கும். 2018இல் கலை உலகில் எழுந்த புகார்களுக்குப் பிறகு, எதைத் தொடலாம், எதற்கு முன்கூட்டியே கேட்க வேண்டும் என்பதை முதல் மணி நேரத்திலேயே பேசிவிடும் வழக்கம் நல்ல குழுக்களில் வந்திருக்கிறது. சேரும் முன்பு விசாரிக்க வேண்டியது பயிற்சியாளர் எத்தனை சினிமாவில் தலைகாட்டினார் என்பதை அல்ல, இதைத்தான்.

தேசிய நாடகப் பள்ளியில் மூன்றாண்டு. கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்தில் கே.வி. சுப்பண்ணாவின் நீனாசம் 1980 முதல் நடத்தும் படிப்பு ஏறக்குறைய ஓராண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் இரண்டு நாள் பட்டறை, சமையலறையில் எட்டிப் பார்த்துவிட்டு வருவது மாதிரி. நடிகர் உருவாகமாட்டார். ஆனால் எட்டிப் பார்த்தவர் அடுத்த முறை சாப்பிடும்போது உப்பு எங்கே குறைந்தது என்று சொல்வார். ஞாயிற்றுக்கிழமை மாலை மேடையில் நின்று கை நடுங்கிய ஒருவர், பிறகு ரவீந்திர பாரதியிலோ லாமகானிலோ நாடகம் பார்க்கும்போது நடுவில் செல்போனை எடுக்கமாட்டார். நாடகம் போடுகிறவர்களுக்கு அதுவே பெரிய வரவு.

ஞாயிறு இரவு. ஓரமாக அடுக்கிய நாற்காலிகள் மறுபடி இடத்துக்கு வருகின்றன. போட்டோ எடுத்தாகிவிட்டது. வாட்ஸ்அப் குழு தொடங்கியாகிவிட்டது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்று கால் மணி நேரம் வாதம். பயிற்சியாளர் குரலை உயர்த்தி, அடுத்த நாடகத்துக்கு ஆள் தேவை, செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு முதல் வாசிப்பு, வேஷம் கிடைக்காவிட்டாலும் விளக்கு பிடிக்க வரலாம் என்கிறார். எல்லாக் கைகளும் உயர்கின்றன. அவர் நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பேருக்கு மட்டும் இடம் விட்டுப் பெயர் எழுதத் தொடங்குகிறார்.